படகின் அடியறையில் பெட்ரோல் ஆவி: காற்றுக்குழாயா, விசிறியா?

பெட்ரோல் ஆவி காற்றைவிட 3 முதல் 4 மடங்கு கனமானது. அடியறையில் தண்ணீர்போல் தேங்கி நிற்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பற்ற ஒரு தீப்பொறி போதும். அதை வெளியேற்றத்தான் காற்றுக்குழாயோ விசிறியோ.

வெளிக்காற்றின் ஓட்டத்தாலேயே இயங்கும் காற்றுக்குழாய்க்கு மின்சாரம் தேவையில்லை. படகு சும்மா நிற்கும்போதும் வேலை செய்யும். ஆனால் இலைகூட அசையாத மதியத்தில் அதை நான் நம்பமாட்டேன்.

விசிறி ஆவியை அடியிலிருந்தே இழுத்து வெளியேற்றும். அதன் குழாய் வாய் தரையை ஒட்டி, தேங்கிய நீருக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். மூழ்கினால் சத்தம் மட்டுமே மிஞ்சும். வீட்டு விசிறியைப் பொருத்திவிடாதீர்கள், அதன் மோட்டாரில் எழும் தீப்பொறியே தீமூட்டும். எஞ்சினை இயக்குமுன் 4 நிமிடம் ஓட்டச் சொல்கிறது அமெரிக்கக் கடலோரக் காவல்படை.

என் தேர்வு விசிறிதான். ஆனாலும் அடியறை மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வாடை இருந்தால் சாவியைத் தொடாமல் கசிவைத் தேடுங்கள்.