சிங்கப்பூரில் ஓர் இரவு: பூந்தோட்டமா, கிளார்க் கீயா, நைட் சஃபாரியா?

அம்மாவை அழைத்துக்கொண்டு சிங்கப்பூர் சென்றிருந்தபோது லிட்டில் இந்தியாவில் அறை எடுத்துத் தங்கி, மூன்று இரவுகளை மூன்று இடங்களில் கழித்தோம். இனி ஓர் இரவு மட்டும் வாய்த்தால், நான் கார்டன்ஸ் பை த பே எனப்படும் கரையோரப் பூந்தோட்டத்துக்கே செல்வேன்.

கிளார்க் கீ, ஆற்றங்கரையிலிருந்த பழைய சரக்குக் கிடங்குகளை உணவகங்களாகவும் மதுக்கூடங்களாகவும் மாற்றிய இடம். லிட்டில் இந்தியாவிலிருந்து எம்ஆர்டி எனும் நகர ரயிலில் இரண்டே நிறுத்தம். வேடிக்கை பார்த்து நடக்கக் காசு வேண்டாம், உட்கார்ந்தால் செலவு. நாங்கள் பத்தரை மணிக்கே கிளம்பிவிட்டோம் என்பதால், நள்ளிரவுக்குப் பிந்தைய கிளார்க் கீயைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்வது முறையாகாது.

1994இல் திறக்கப்பட்ட நைட் சஃபாரி, இரவு விலங்குகளுக்கென்றே அமைந்த உலகின் முதல் விலங்குத் தோட்டம். நிலவொளி போன்ற மங்கலான வெளிச்சத்தில் டிராம் வண்டி மெல்லச் செல்லும்போது, கறுத்த உடலில் வெள்ளைப் போர்வையைச் சுற்றியதுபோன்ற மலாயா டேப்பிர் ஒன்று சில அடி தூரத்தில் தழை மென்றுகொண்டிருந்தது. அம்மா என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அந்தக் காட்சிக்கு ஈடாக மற்ற இரண்டு இடங்களிலும் எதுவும் இல்லை.

ஆனாலும் பெரியவர்களோடு செல்பவர்கள் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது, திரும்பி வரும் வழியைத்தான். நைட் சஃபாரி இருக்கும் மண்டாயில் எம்ஆர்டி நிலையம் இல்லை. அங்கிருந்து பேருந்தில் காத்திப் நிலையத்துக்கு வந்து, ரயிலேறி, நியூட்டனில் வேறு தடத்துக்கு மாறி வந்து சேர்வதற்குள் அம்மாவின் கால்கள் ஓய்ந்துவிட்டன. நள்ளிரவையொட்டி ரயில்கள் நின்றுவிடும். அதன்பின் டாக்சி பிடித்தால் மீட்டர் கட்டணத்தோடு பாதியளவு கூடுதலாகக் கொடுக்க வேண்டும். கிளார்க் கீ அருகில் இருந்தாலும், அங்கே களைகட்டும் நேரமும் கடைசி ரயில் புறப்படும் நேரமும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றன.

பூந்தோட்டத்தில் இந்தக் கவலை இல்லை. லிட்டில் இந்தியாவிலிருந்து டவுன்டவுன் தடத்தில் மாறாமலே நான்காவது நிறுத்தமான பேஃபிரண்டில் இறங்கலாம். 25 முதல் 50 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் செயற்கை மரங்களின் கீழே, 7:45க்கும் 8:45க்கும் இசையோடு ஒளிக்காட்சி நடக்கிறது, கட்டணம் இல்லை. சுற்றிலும் பலர் தரையில் மல்லாந்து படுத்திருந்ததைக் கண்டு, அம்மாவும் கைப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார். முதல் காட்சியைப் பார்த்துவிட்டு நிதானமாக மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டலின் முன்புறம் நடந்தால், ஒன்பது மணி நீரூற்றுக் காட்சியையும் இலவசமாகப் பார்க்கலாம். அதன்பிறகும் நாங்கள் பத்து மணிக்கெல்லாம் அறையில் இருந்தோம்.

விலங்குகள் மேல் ஆசையுள்ள பிள்ளைகள் உடன் இருந்தால் நைட் சஃபாரியைத் தவிர்க்க வேண்டாம். 7:15க்குத் திறக்கும்போதே உள்ளே நுழைந்து, பத்து மணிக்குள் காத்திப் பேருந்தைப் பிடித்துவிடுங்கள்.