போனஸ் காருக்கு இல்லை, நமக்கு: என்சிபியோடு பதினோரு வருடம்

மதுரை திருநகரில் இருக்கிறேன். 2014 மார்ச்சில் முதல் கார் எடுத்தேன். ஐ10, டிஎன் 58 பதிவு. அன்றிலிருந்து மூன்று கார்களுக்கு இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறேன், இரண்டு தடவை கம்பெனி மாற்றியிருக்கிறேன், அப்பாவின் காரையும் பாலிசியையும் என் பெயருக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இத்தனையிலும் என் கையில் பணம் மிச்சமானதற்கும் வீணானதற்கும் காரணம் நோ கிளெய்ம் போனஸ், அதாவது எல்லோரும் சொல்கிற என்சிபி. ஏஜென்ட் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இதை இழந்தவர்களை என் சொந்தத்திலேயே பார்த்துவிட்டேன். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. ஒரு வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் அடுத்த ரினீவலில் 20 சதவீதம் கழிவு. தொடர்ந்து இரண்டாம் வருடம் 25, மூன்றாம் வருடம் 35, நான்காம் வருடம் 45, ஐந்தாம் வருடம் 50. அதற்கு மேல் ஏறாது, 50-லேயே நிற்கும். இந்தக் கழிவு ஓடி பிரீமியத்துக்கு மட்டும்தான். ஓடி என்றால் நம் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி. தேர்டு பார்ட்டி பகுதிக்கு, அதாவது நம் காரால் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கான பகுதிக்கு, ஒரு பைசா குறையாது, அது அரசு நிர்ணயித்த தொகை. 2022 ஜூன் மாதம் வந்த கட்டணப்படி 1000 சிசிக்கு உட்பட்ட காருக்கு 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416 ரூபாய். பக்கத்து வீட்டு அண்ணன் 50 சதவீதம் என்றதும் மொத்த பில்லில் பாதி குறையும் என்று நினைத்திருந்தார். ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபமாக வந்தவரிடம் பாலிசித் தாளை விரித்து, ஓடி எங்கே, தேர்டு பார்ட்டி எங்கே என்று காட்டிய பிறகுதான் சமாதானமானார்.

என் முதல் பெரிய பாடம் 2017 ஐப்பசி மழையில் வந்தது. கப்பலூர் டோல்கேட் வரிசையில் பிரேக் வழுக்கி முன்னால் நின்ற வேனில் முட்டினேன். பம்பர் கிழிந்தது, ஒரு ஹெட்லைட் போனது. பில் 8,500 ரூபாய். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று கிளெய்ம் போட்டேன். பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி மதிப்பைத் தேய்மானமாகக் கழித்து, எந்தக் கிளெய்மிலும் நாமே கட்டாயம் ஏற்க வேண்டிய 1,000 ரூபாயையும் எடுத்துக்கொண்டு, கம்பெனி தந்தது 4,200 ரூபாய்.

அப்போது 35 சதவீதத்தில் இருந்தேன். 2018 மார்ச்சில் 45 ஆகியிருக்க வேண்டியது பூஜ்யம் ஆனது. அதற்கடுத்த வருடம் 50-க்குப் பதில் 20. அதற்கடுத்து 50-க்குப் பதில் 25, பிறகு 35, பிறகு 45. பழைய இடத்துக்கு வர 2023 ஆகிவிட்டது. வித்தியாசத்தைக் கூட்டிப் பாருங்கள்: 45, 30, 25, 15, 5. மொத்தம் 120 சதவீதம். ஓடி பிரீமியம் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 7,200 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்தால் ஏறக்குறைய 8,500. கார் பழசாகப் பழசாக ஐடிவி, அதாவது பாலிசியில் காருக்குப் போடும் மதிப்பு, இறங்கி ஓடியும் குறையும் என்பதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் போயிருக்கும். ஆனாலும் 4,200 வாங்கப் போய் அதைவிட அதிகமாக விட்டுவிட்டேன். கிளெய்ம் போடும் முன் இந்தக் கணக்கை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஷோரூமில் இருந்தவர் "கிளெய்ம்ல போட்டுரலாம் சார்" என்று மட்டும்தான் சொன்னார்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்கணும். கிளெய்ம் தொகை 4,000 ஆனாலும் ஒரு லட்சம் ஆனாலும் போனஸ் ஒரே மாதிரி பூஜ்யம்தான். தப்பு யார் மேல் என்றும் பார்க்க மாட்டார்கள். பின்னால் வந்தவன் இடித்துவிட்டுப் போய்விட்டான், நான் என்ன செய்வேன் என்றாலும் நம் பாலிசியில் கிளெய்ம் எடுத்தால் போனஸ் போச்சு. அன்றிலிருந்து சின்னச் சின்ன அடிகளைப் பழங்காநத்தத்தில் தெரிந்த டிங்கரிங் கடையிலேயே முடித்துக்கொள்கிறேன். பெரிய விபத்து என்றால் தயங்காமல் கிளெய்ம்தான், அதற்குத்தானே பணம் கட்டுகிறோம்.

2021-இல் முதல் தடவை கம்பெனி மாற்றினேன். பழைய கம்பெனியை விட்டுப் போனால் போனஸும் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். போகாது. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கூடவே வரும். ரினீவல் நோட்டீஸோ பழைய பாலிசியோ இருந்தால் போதும், கூடவே போன வருடம் கிளெய்ம் இல்லை என்று நாம் ஓர் உறுதிமொழி தரணும். ஆன்லைனில் போடும்போது ஒரு இடத்தில் கவனம் தேவை. "உங்கள் என்சிபி எவ்வளவு" என்று கேட்கும்போது முடியப்போகும் பாலிசியில் அச்சாகியிருக்கும் சதவீதத்தைத்தான் கேட்கிறார்கள். என் தாளில் 25 இருந்தது, 25 என்று போட்டேன், அதுவே 35 ஆக்கிக் காட்டியது. வரப்போவது 35 என்று நினைத்து அதைப் போட்டிருந்தால் 45 கழித்திருக்கும், பின்னால் அதுவே வில்லங்கமாகியிருக்கும்.

வில்லங்கம் என்று சும்மா சொல்லவில்லை. சோழவந்தானில் இருக்கும் என் மைத்துனர் ஒரு கிளெய்ம் எடுத்த மறு வருடமே கம்பெனி மாற்றினார். பிரீமியம் குறைவாகக் காட்டணும் என்று ஏஜென்ட் கிளெய்ம் இல்லை என்று போட்டு 45 சதவீதம் வாங்கிக் கொடுத்துவிட்டார். மைத்துனர் படித்துப் பார்க்கவில்லை. ஏழு மாதம் கழித்து வாடிப்பட்டி அருகே நான்குவழிச் சாலையில் கார் தடுப்புச் சுவரில் மோதியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, முருகன் புண்ணியம். எஸ்டிமேட் 1,80,000 ரூபாய். பாலிசி எடுத்தபோது தந்த உறுதிமொழி பொய் என்று சொல்லி ஓடி கிளெய்மை முழுதாக நிராகரித்துவிட்டார்கள். உறுதிமொழி தவறானால் ஓடி பலன் எல்லாம் பறிபோகும் என்பது விதியிலேயே இருக்கிறது. புதுக் கம்பெனி 21 நாளுக்குள் பழைய கம்பெனிக்கு எழுதிக் கேட்கணும், பழைய கம்பெனி 30 நாளுக்குள் பதில் தரணும் என்றும் இருக்கிறது. கேட்காமல் விட்டுவிட்டார்களே என்று நாங்கள் வாதாடிப் பார்த்தோம், நடக்கவில்லை. கையெழுத்து மைத்துனருடையது. ஏஜென்ட் போனையே எடுக்கவில்லை. அந்த மனுஷன் நகையை அடகு வைத்துத்தான் காரை எடுத்தார்.

இனி எனக்கு மனசுக்கு நெருக்கமான பகுதி. 2022 நவம்பரில் அப்பா தவறிவிட்டார். உசிலம்பட்டியில் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய வேகன் ஆர் ஒரு கிளெய்மையும் பார்த்ததில்லை. வருடாவருடம் பாலிசித் தாள்களை அடுக்கி, மேலே ரினீவல் தேதியை நீல மையில் எழுதி, மஞ்சப்பையில் போட்டு பீரோவில் வைத்திருந்தார். அந்தப் பையைத் திறக்க எங்களுக்கு மனசு வரவில்லை. திறந்தபோது பாலிசி முடிந்து ஐம்பத்தைந்து நாள் ஆகியிருந்தது.

தெரிந்த ஏஜென்ட் ஒருவரைக் கேட்டேன். "பாலிசிதாரர் இறந்துட்டா போனஸும் போச்சு சார், புதுசா ஜீரோவுல இருந்து ஆரம்பிங்க" என்றார். எனக்கு ஏற்கவில்லை. கிளை அலுவலகத்துக்கு நேரில் போய் ஒரு அதிகாரியிடம் உட்கார்ந்து கேட்டேன். அவர் விதிப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். தனிநபர் இறந்து, வண்டி அவருடைய மனைவி, பிள்ளைகள் அல்லது பெற்றோர் கைக்குப் போனால், இறந்தவருடைய போனஸ் அவர்களுக்கே போகும். உயிரோடு இருக்கும்போது அப்பா மகனுக்கு மாற்றித் தர முடியாது, மனைவிக்குக் கணவனும் மாற்றித் தர முடியாது. இறப்பில் மட்டும்தான் இந்த வழி.

ஆனால் பாலிசி முடிந்து 90 நாளுக்குள் ரினீவல் ஆகணும், தாண்டினால் அந்தப் போனஸ் போய்விடும். எங்களுக்கு முப்பத்தைந்து நாள்தான் மிச்சம். இறப்புச் சான்றிதழ் ஏற்கெனவே இருந்தது. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் போட்டு, தாலுகா அலுவலகத்துக்கு நான்கு நடை நடந்தேன். அம்மாவும் தம்பியும் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆர்டிஓவில் படிவம் 31 கொடுத்து ஆர்சியை என் பெயருக்கு மாற்றினேன். இறந்த மூன்று மாதத்துக்குள் அந்தப் படிவம் போகணும் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். பாலிசி இடையில் விட்டுப்போனதால் வண்டியைப் பரிசோதித்து நாலாபக்கமும் போட்டோ எடுத்தார்கள். எண்பத்து மூன்றாம் நாள் பாலிசி என் பெயரில் வந்தது, 50 சதவீதத்தோடு. தொகை பெரிதில்லை, பழைய வண்டிக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்தான். ஆனால் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஓட்டி அவர் சேர்த்து வைத்த நல்ல பெயர் அது. அதை ஒரு ஏஜென்ட் சொன்னதற்காக விட்டிருந்தால் எனக்குப் பொறுக்காது. இப்போது அந்த வண்டியில்தான் என் மனைவி மேலூர்ப் பள்ளிக்குப் போய்வருகிறார்.

2023 ஆனியில் ஐ10-ஐ விற்று, புது கார் புக் பண்ணினேன். அந்த மார்ச்சில்தான் 50-ஐ எட்டியிருந்தேன். போனஸ் வண்டியோடு போகாது, நம்மோடுதான் வரும். வாங்கியவர் அலங்காநல்லூர்க்காரர், "பாலிசி இன்னும் எட்டு மாசம் இருக்குல்ல அண்ணே, அப்படியே எனக்கு மாத்திருங்க" என்றார். மாற்றலாம், ஆனால் என் 50 சதவீதம் அவருக்குக் கிடைக்காது, மீதி மாதங்களுக்கான வித்தியாசத்தை அவர் கட்டணும் என்று சொல்லிப் புரியவைத்தேன். ஆர்சி பெயர் மாற்றத்தையும் நானே கூட இருந்து படிவம் 29, 30 போட்டு முடித்தேன். ஆர்சியில் யார் பெயரோ அவர்தான் விபத்துக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, இதில் நட்புக்காக விட்டுக்கொடுக்கக் கூடாது.

விற்றதற்கான ஆவணத்தைக் கொடுத்தால், நமக்கு எத்தனை சதவீதம் போனஸ் இருக்கிறது என்று கம்பெனி என்சிபி லெட்டர் தரும், அது மூன்று வருடம் வரை செல்லும். உடனே அடுத்த கார் வாங்கணும் என்றில்லை. ஆனால் அதை வாங்குவதற்குள் பட்ட பாடு! அந்தக் கம்பெனி மூன்று வாரம் இழுத்தடித்தது. கடைசியில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா என்ற புகார் தளத்தில் புகார் பதிந்தேன், நாலே நாளில் மெயிலில் வந்தது. ஷோரூமில் "லெட்டர் அப்புறம் பாத்துக்கலாம், இப்ப பாலிசி போட்டுருவோம்" என்று அவசரப்படுத்தினார்கள். ஆடியில் வண்டி எடுப்பதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம், அது நல்லதாகப் போயிற்று. ஆவணியில் லெட்டரோடு போய் டெலிவரி எடுத்து, பாண்டி கோயிலில் பூஜை போட்டேன். புது காரின் ஓடி 16,000 ரூபாய். பாதி கழிந்து, ஜிஎஸ்டியும் சேர்த்து 9,440 ரூபாய் மிச்சம். மூன்று வருட தேர்டு பார்ட்டி 10,640 ரூபாயில் ஒன்றும் குறையவில்லை.

அடுத்த வருடம் ஓடியை மட்டும் வேறு கம்பெனிக்கு மாற்றினேன். தேர்டு பார்ட்டி மூன்று வருடம் முதல் கம்பெனியிலேயே இருக்கும், ஓடியைத் தனியாக எடுக்கும் வசதி 2019 செப்டம்பரிலிருந்தே இருக்கிறது. தேர்டு பார்ட்டி பாலிசி எண்ணைக் கேட்டார்கள், கொடுத்தேன், 50 அப்படியே தொடர்ந்தது. என்சிபி புரொடெக்‌ஷன் என்ற, கிளெய்ம் எடுத்தாலும் போனஸைக் காப்பாற்றும் கூடுதல் கவரும் சேர்த்திருக்கிறேன். 50-இல் இருப்பவருக்கு அது பயன், 20-இல் இருப்பவருக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம். வருடத்துக்கு எத்தனை கிளெய்ம் வரை காப்பாற்றும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், படித்துவிட்டு எடுங்கள்.

போன மாதம் தம்பி ஒத்தக்கடையிலிருந்து போன் பண்ணினான். பழைய காரை வைத்துக்கொண்டே இரண்டாவது கார் வாங்குகிறான். "அண்ணே, எனக்கு 50 இருக்கே, ரெண்டுக்கும் போட்டுக்கலாம்ல?" என்றான். முடியாது. ஒரு போனஸ் ஒரு வண்டிக்குத்தான். இரண்டாவது கார் பூஜ்யத்திலிருந்து தன் போனஸைத் தானே சம்பாதிக்கணும். "உங்க ரெண்டு காருக்கும் 50 வருதே?" என்றான். அது இரண்டு பேர் தனித்தனியாகச் சேர்த்தது, ஒன்று நான், ஒன்று அப்பா என்றேன். சரி, ஸ்கூட்டர் பாலிசியில் இருப்பதையாவது எடுக்கலாமா என்றான். அதுவும் ஆகாது, கார் போனஸ் காருக்கு, பைக் போனஸ் பைக்குக்கு. பழைய காரை எப்போதாவது விற்றால் முதல் வேலையாக லெட்டர் வாங்கி வை என்று சொல்லியிருக்கிறேன். அப்பாவைப் போலவே அவனும் ரினீவல் தேதியைத் தாளின் மேலே எழுதி வைத்திருக்கிறானாம்.