காகித வரைபடமா, எக்டிஸ் திரையா? கப்பலேறும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு

உவரி, மணப்பாடு, திசையன்விளைப் பக்கத்திலிருந்து சரக்குக் கப்பல் வேலைக்குப் போகும் தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். சட்டம் தன் முடிவை ஏற்கெனவே சொல்லிவிட்டது. 2012 ஜூலையில் தொடங்கி 2018 வரை, வெளிநாட்டுக்கு ஓடும் பெரிய கப்பல்களில் பெரும்பாலானவற்றுக்கு எக்டிஸ் எனும் மின்னணு வரைபடத் திரை படிப்படியாகக் கட்டாயமானது. ஆனாலும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் கப்பலேறக் கூடாது.

திருத்த வேலையில் என் ஓட்டு திரைக்குத்தான். புதிய மிதவை, மாறிய விளக்கு, மூழ்கிக் கிடக்கும் கப்பல் என்று வாராவாரம் அறிவிப்பு வரும். காகிதக் காலத்தில் செகண்ட் ஆபீசர் நடுராத்திரி வாட்ச் (கப்பலைக் கண்காணித்து ஓட்டும் முறைப் பணி) முடிந்த பிறகும் உட்கார்ந்து, ஒவ்வொரு வரைபடமாக ஊதா மையால் திருத்துவார். இப்போது அதெல்லாம் சில நிமிடத்தில் ஏறிவிடுகிறது. மிச்சமான நேரம் அவருக்குத் தூக்கமாகக் கிடைக்க வேண்டும். பல கப்பல்களில் அது வேறு படிவங்களை நிரப்பவே போய்விடுகிறது. அது அநியாயம்.

பாதை போடுவதில் காகிதத்துக்கு ஒரு பலம் உண்டு. பென்சிலால் கோடு இழுக்கும்போதே மணல்திட்டு கண்ணில் படும். திரையிலோ, பாதுகாப்பு ஆழத்தை, அதாவது கப்பல் தரைதட்டாமல் போகக் குறைந்தது எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதை, தப்பாகக் கொடுத்தால் எச்சரிக்கையும் தப்பாகத்தான் வரும். 2013இல் டோவர் நீரிணையில் ஓவிட் என்ற டேங்கர் போட்ட பாதை வார்ன் திட்டின் மேலேயே போனது. எச்சரிக்கை ஒலியும் வேலை செய்யவில்லை. கப்பல் தரைதட்டியதை வாட்ச் அதிகாரி உணரவே 19 நிமிடம் ஆனது.

சரி, காகிதம் இருந்தால் தப்பிக்கலாமா? 1995இல் ராயல் மெஜஸ்டி என்ற பயணிகள் கப்பலில் காகித வரைபடம்தான் இருந்தது. ஜிபிஎஸ் ஆன்டெனா வயர் கழன்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை. கருவி காட்டிய எண்களையே குறித்துக்கொண்டு போனார்கள். அமெரிக்காவின் நான்டக்கெட் அருகே தரைதட்டியபோது கப்பல் சுமார் 17 கடல் மைல் விலகியிருந்தது. கருங்கடலிலும் பாரசீக வளைகுடாவிலும் இன்று ஜிபிஎஸ் சிக்னலையே ஏமாற்றுகிறார்கள். அதனால் எதில் குறிக்கிறோம் என்பதைவிட, இடத்தை எத்தனை வழியில் சரிபார்க்கிறோம் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இந்தப் பழக்கம் நம் கரைக்குப் புதிதில்லை. கோயில் கோபுரத்தையும் பின்னால் தெரியும் மலையையும் ஒரே கோட்டில் பார்த்து, மீன் கிடைக்கும் பார் (கடலடிப் பாறைத்திட்டு) இருக்கும் இடத்தைச் சரியாகச் சொல்லும் பெரியவர்கள் இங்கே உண்டு. கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் நின்று பேரிங் எடுப்பதும், அதாவது ஒரு அடையாளம் எந்தத் திசைக் கோணத்தில் தெரிகிறது என்று அளப்பதும், அதே கண் வேலைதான்.

ஆகவே எக்டிஸையே தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடிக்கு வரும்போது மணப்பாடு கலங்கரை விளக்கத்துக்கும் திருச்செந்தூர் கோபுரத்துக்கும் பேரிங் எடுத்து, ரேடார் தூரத்தையும் சேர்த்து, அந்தக் கோடுகளை எக்டிஸிலேயே போட்டுப் பாருங்கள். அதற்கு அதில் வசதி இருக்கிறது. அப்புறம், ஒவ்வொரு நிறுவனத்தின் எக்டிஸிலும் மெனு வேறு வேறு. புதுக் கப்பலில் ஏறியதும், முதல் வாட்சுக்கு முன்னாலேயே பாதுகாப்பு ஆழம் எவ்வளவு வைத்திருக்கிறார்கள், எச்சரிக்கை ஒலி கேட்கிறதா என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.