பைக், பெரிய விமானம், சின்ன விமானம்: எதற்கு எவ்வளவு பயப்படுவது?

பெங்களூர் ஜக்கூர் மைதானத்தில் விமானம் ஓட்டக் கற்கப் போகிறேன் என்று அக்கா மகன் சொன்ன அன்று காலை, அல்சூர் வீட்டில் யாருக்கும் இட்லி இறங்கவில்லை. "சௌந்தர்யாவுக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல?" என்று அக்கா கேட்டாள். அவன் பதில் பேசாமல் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு பைக்கில் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குக் கிளம்பினான். பைக்கைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவன் தினமும் ஓட்டும் பைக், நாங்கள் மதுரைக்குப் போக டிக்கெட் எடுக்கும் விமானம், அவன் ஓட்ட ஆசைப்படும் செஸ்னா என்ற சின்ன விமானம்.

முதலில் அக்காவின் கேள்விக்கு வருகிறேன். 2004 ஏப்ரல் 17 அன்று, தேர்தல் பிரசாரத்துக்காக ஜக்கூரிலிருந்து கிளம்பிய செஸ்னா 180 மேலெழும்பிய சில நொடிகளிலேயே பக்கத்து வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் விழுந்தது. நடிகை சௌந்தர்யாவும் அவருடைய அண்ணனும் உட்பட நான்கு பேர் இறந்தார்கள். பெங்களூரில் விமான விபத்து என்றாலே எங்கள் வயதுக்காரர்களுக்கு அந்த முகம்தான் நினைவுக்கு வரும். ஆனால் இதே ஊரில் 1990 பிப்ரவரி 14 அன்று, எச்ஏஎல் விமான நிலைய ஓடுபாதைக்குச் சற்று முன்பே தரையைத் தொட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320 விபத்தில் 92 பேர் இறந்தார்கள். அந்த இடத்துக்கு மிகவும் தள்ளியில்லாத அல்சூரில் இருந்துகொண்டே, எங்கள் வீட்டில் அந்த விபத்தைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. மனதில் நிற்பது எண்ணிக்கை அல்ல, தெரிந்த முகம்.

நம் நாட்டில் சின்ன விமானமும் ஹெலிகாப்டரும் செய்தியாவது பெரும்பாலும் அப்படித்தான். 1980-ல் டெல்லி சப்தர்ஜங்கில் சஞ்சய் காந்தி, 2001-ல் காங்கிரஸ் தலைவர் மாதவராவ் சிந்தியா, 2002-ல் மக்களவைத் தலைவர் பாலயோகி, 2009-ல் நல்லமலைக் காட்டில் ஆந்திர முதல்வர் ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டி. ஒவ்வொன்றும் முதல் பக்கத்தில் பல நாள் ஓடிய செய்தி. நடுவில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் பயிற்சி விமானத்தில் ஏறி, இறங்கி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. அதனால் அக்காவின் பயம் அறியாமையில் வந்தது என்று சொல்ல மாட்டேன். அவளுக்குக் கிடைத்த சேதிகள் அத்தனையும் சாவுச் சேதிகள்.

அதற்காக "விமானம்தான் உலகத்திலேயே பாதுகாப்பான பயணம்" என்று அவளிடம் சொல்லி வாயை அடைத்தால் அது பொய். அந்த வாக்கியம் பெரிய விமானத்துக்குச் சொந்தமானது, சின்ன விமானத்துக்குப் பொருந்தாது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்கக் கணக்கை எடுத்துக்கொள்கிறேன், சின்ன விமானம் அதிகம் பறப்பது அங்கேதான். 2009 பிப்ரவரியிலிருந்து 2025 ஜனவரி வரை, ஏறத்தாழ 16 ஆண்டுகள், அந்நாட்டு விமான நிறுவனங்களின் பயணிகள் விமானம் எதுவும் பேரளவில் உயிர் குடித்து விழவில்லை. அதே காலத்தில் சின்ன விமானங்களில் ஆண்டுதோறும் 200-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ உயிர்ப்பலி விபத்துகள் நடந்தன. மணிக்கணக்கில் சொன்னால், சுமார் ஒரு லட்சம் மணி நேரப் பறத்தலுக்கு உயிர்ப்பலி விபத்து ஒன்று. பெரிய விமானத்தில் எப்போதும் இரண்டு விமானிகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் சோதனை, மேகத்துக்குள்ளும் வழி காட்டும் கருவிகள், ஒன்று நின்றால் மற்றொன்று இழுத்துச் செல்லும் இரண்டு எஞ்சின்கள். சின்ன விமானத்தில் பெரும்பாலும் ஒரு எஞ்சின், ஒரு விமானி, கண்ணுக்குத் தெரியும் வானம். சின்னது என்பதால் ஆபத்து வருவதில்லை. தவறைத் தாங்கிப் பிடிக்க அங்கே இரண்டாவது கை இல்லை, அதனால் வருகிறது.

பெரிய விமானத்தைப் பற்றி ஒன்று மட்டும். 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்தில், தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் இறந்த பிறகு, எங்கள் வீட்டில் விமான டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு மதுரைக்கு ராத்திரியில் காரில் போனோம். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே இறங்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு ஓராண்டு மக்கள் விமானத்தை விட்டுச் சாலைக்கு மாறியதில், கூடுதலாகச் சுமார் 1,500 பேர் சாலையில் இறந்திருப்பார்கள் என்று கெர்ட் கிகெரென்சர் என்ற உளவியலாளர் கணக்கிட்டிருக்கிறார். அந்த ராத்திரி நாங்களும் அதையேதான் செய்தோம்.

சரி, பைக்குக்கு வருவோம். உண்மையான போட்டி செஸ்னாவுக்கும் பைக்குக்கும்தான்.

அமெரிக்காவில் பைக் ஓட்டுபவர்கள் பத்து கோடி மைலுக்குச் சுமார் 30 பேர் இறக்கிறார்கள். மணிக்கு 40 மைல் வேகம் என்று வைத்து மணிக்கணக்காக மாற்றினால், லட்சம் மணி நேரத்துக்கு ஒன்றுக்குச் சற்று மேல் வருகிறது. சின்ன விமானத்தின் எண்ணும் ஏறத்தாழ அதுவே. இந்தியச் சாலைகளில் 2022-ல் மட்டும் 1,68,491 பேர் இறந்தார்கள், அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அக்கா மகன் நாளுக்கு இரண்டு மணி நேரம் பைக்கில் இருக்கிறான், ஆண்டுக்கு 600 மணி நேரம். வணிக விமானி உரிமத்துக்குத் தேவையான மொத்தப் பறத்தல் 200 மணி நேரம். மணிக்கு மணி இரண்டும் ஒரே ஆபத்து என்றே வைத்துக்கொண்டாலும், அவன் உயிர் அதிக நேரம் பணயத்தில் இருப்பது பைக்கின் மேல்தான். பயிற்சிப் பறத்தலில் உயிர்ப்பலி விகிதம், சொந்த வேலைக்கும் பொழுதுபோக்குக்கும் பறப்பதைவிடக் கணிசமாகக் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து போகும் பைக்கும் ஓசூர் சாலையில் சீறும் பைக்கும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் இரண்டையும் செய்கிறான்.

எண்ணில் பக்கத்தில் நின்றாலும், குணத்தில் இரண்டும் வேறு. பைக்கில் சிவப்பு விளக்கைத் தாண்டி வரும் டெம்போவை நீங்கள் என்ன செய்ய முடியும்? சின்ன விமான விபத்துகளில் பெரும்பங்கு விமானியின் முடிவுகளில் பிறக்கிறது. எரிபொருள் தீர்ந்து போவது, தரையிறங்கத் திரும்பும்போது வேகம் குறைந்து இறக்கை தூக்குவதை நிறுத்துவது (ஸ்டால் என்பார்கள்), மேகத்துக்குள் நுழைவது. இது பயத்தைக் கூட்ட வேண்டிய சேதியா, குறைக்க வேண்டிய சேதியா என்று வெகுநாள் யோசித்தேன். குறைக்க வேண்டியது என்றே நினைக்கிறேன். முடிவுகளைக் கற்றுக்கொடுக்க முடியும்.

அதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை காலை ஜக்கூருக்கு அவனோடு போயிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் பல்லாரி சாலை மேம்பாலத்தில் ஏர்போர்ட் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. ஒரு மாணவி, இருபது வயது இருக்கும், செஸ்னாவின் இறக்கைக்குக் கீழே குனிந்து, கண்ணாடி போன்ற ஒரு சின்னக் குப்பியை வால்வில் அழுத்தி எரிபொருள் பிடித்தாள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். விமானப் பெட்ரோல் இளநீலம். தண்ணீர் கலந்திருந்தால் நிறமில்லாத முத்தாக அடியில் நிற்கும். ஒரு இறக்கை முடிந்ததும் அடுத்தது. அப்புறம் எண்ணெய் அளவுக்கோலை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தாள், புரொப்பெல்லரின் விளிம்பு முழுக்க விரலை ஓட்டிக் கீறல் தேடினாள். கால் மணி நேரம் ஆனது. இன்ஸ்ட்ரக்டர் தள்ளி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார், அவசரப்படுத்தவில்லை. எங்கள் பைக்கின் டயரில் காற்று இருக்கிறதா என்று நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்பது எனக்கு நினைவில்லை.

எஞ்சின் நின்றால் கல் மாதிரி விழும் என்பதும் பலர் நம்புவது. விழாது. செஸ்னா 172 தன் உயரத்தைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு தூரம் மிதந்து போகும். தரையிலிருந்து 3,000 அடி உயரத்தில் எஞ்சின் நின்றால் எட்டு கிலோமீட்டர் வட்டத்தில் ஒரு வயலைத் தேடலாம். உண்மையான ஆபத்து 300 அடியில் இருக்கிறது. கிளம்பிய உடனே எஞ்சின் நின்றால், ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்று மனம் சொல்லும். அந்தத் திருப்பத்திலேயே வேகம் போய் விழுந்தவர்கள் நிறைய. மூக்கைத் தாழ்த்தி நேராக, கண்ணெதிரே இருப்பதில் இறங்கு என்றுதான் பாடம். ஜக்கூரைச் சுற்றி இப்போது அடுக்குமாடிகள் நெருக்கிவிட்டன, மேம்பாலத்தால் ஓடுபாதையின் பயன்படும் நீளமும் குறைந்திருக்கிறது. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 3,000 அடி உயரத்து ஊர் வேறு. சித்திரை வெயிலில் காற்று இன்னும் மெலிந்து, எஞ்சினும் இறக்கையும் கடற்கரை ஊரில் காட்டும் பலத்தைக் காட்டாது. இந்த மைதானத்தில் எனக்கு நிஜமாகக் கவலை தரும் விஷயம் இதுதான், அதை அக்காவிடமும் மறைக்கவில்லை.

மேகம் இன்னொன்று. 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவியை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை மேகத்துக்குள் இருப்பது போன்ற நிலையில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 நொடிகளில். மூன்று நிமிடம்கூட இல்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும், உடம்பு அதை நம்பிவிடும். நந்திமலைப் பக்கம் மார்கழிப் பனிமூட்டம் இறங்கும் ஊரில் இது ஏட்டுப் பாடம் மட்டுமல்ல.

சின்ன விமானங்களுக்குள்ளும் ரகங்கள் உண்டு. மைக்ரோலைட் என்ற மிக இலகுவான குட்டி விமானத்தில் பத்து நிமிடச் சுற்று நல்ல வானிலைக் காலையில் எனக்குச் சம்மதமே, ஓட்டுபவரின் அனுபவத்தைக் கேட்டுவிட்டு. வாடகைக்கு எடுக்கும் தனி விமானத்தில் வசதி அதிகம், பெரும்பாலும் இரண்டு விமானிகளும் இருப்பார்கள், ஆனால் "கூட்டம் காத்திருக்கிறது, எப்படியாவது போயாக வேண்டும்" என்ற அழுத்தமும் கூடவே ஏறிக்கொள்கிறது. 2018 ஜூன் 28 அன்று மும்பை காட்கோபரில் விழுந்த கிங் ஏர் என்ற இரட்டை எஞ்சின் சின்ன விமானத்தின் கதை வேறு வகை. பல ஆண்டுகள் பறக்காமல் நின்று, பராமரிப்புக்குப் பின் சோதனைக்காக மழை நாளில் கிளம்பியது. உள்ளே இருந்த நால்வரோடு சாலையில் போன ஒருவரும் இறந்தார். விமானத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மக்கள் சின்ன விமானத்தைப் பார்த்துக் கோபப்படுவதற்கு அவர் போதும், அந்தக் கோபம் நியாயம்.

பாதுகாப்பில் இந்த நான்கு வகையையும் நிற்க வைத்து வரிசைப்படுத்தச் சொன்னால், பெரிய விமானம் வெகு தூரம் முன்னால். அதற்குப் பின்னால், கண்டிப்பான இன்ஸ்ட்ரக்டரோடு பயிற்சி செஸ்னா. அதற்கும் பின்னால் பைக். கடைசியில், அவசரக்காரர் ஒருவர் தனியாக ஓட்டும் எந்தச் சின்ன விமானமும். பயிற்சிப் பள்ளிக்குப் போய் அக்கா கேட்க வேண்டியதை எழுதிக் கொடுத்தேன்: போன மாதம் எத்தனை முறை வானிலையால் பயிற்சியை நிறுத்தினீர்கள்? மாணவன் பறக்க மாட்டேன் என்றால் பணம் பிடிப்பீர்களா? பழுதுப் புத்தகத்தைக் காட்டுவீர்களா?

அவள் நிஜமாகவே வந்தாள். அன்று காலை யெலஹங்கா பக்கம் மேகம் தாழ்ந்திருந்தது. இன்ஸ்ட்ரக்டர் வானத்தைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், "இன்னைக்கு வேண்டாம்" என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லிவிட்டு உள்ளே போனார். பையன் முகம் தொங்கிப்போனது. அக்கா கேள்விகள் எழுதிய காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள், ஒன்றுகூடக் கேட்கவில்லை. வெளியே வந்தபோது தூறல் பிடித்துவிட்டது. அவன் ஹெல்மெட்டை மாட்டப் போனான்.

"பைக் இங்கேயே நிக்கட்டும்டா," என்றாள். "மாமா காரில் ஏறு."