கார்பன் ஃபைபர் தகடு: கட்டைவிரல் ஃப்யூஷனுக்கு முன் ஓர் ஒத்திகை

கால் கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துபோய், "ஃப்யூஷன் பண்ணிடலாம்" (மூட்டை மடங்காதபடி ஒட்ட வைக்கும் ஆபரேஷன்) என்று ஆர்த்தோ டாக்டர் சொல்லி, சரி என்பதா வேண்டாம் என்பதா என்று குழம்பிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஷூவுக்குள் போடும் இந்தக் கார்பன் ஃபைபர் தகட்டால் மற்றவர்களுக்குப் பெரிய பயன் இல்லை.

நான் பரதநாட்டிய ஆசிரியை. வயது 54. வலது கால் கட்டைவிரல் மேலே மடங்குவது வருடக்கணக்கில் குறைந்துகொண்டே வந்து, இப்போது ஏறக்குறைய 15 டிகிரியில் நிற்கிறது. சாதாரணமாக நடப்பதற்கே 40 முதல் 60 டிகிரி வரை மடங்க வேண்டும். குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் முழுதாக உட்காரும் முழுமண்டிக்கு இன்னும் அதிகம். ஆரம்பத்தில் தெருவில் எல்லோரும் யூரிக் ஆசிட் என்றார்கள். அந்த மூட்டில் யூரிக் ஆசிட் வலி வருவது சகஜம்தான், அதனால் டாக்டரும் முதலில் அந்த ரத்தப் பரிசோதனையைத்தான் எழுதிக் கொடுத்தார். அளவு சரியாகவே இருந்தது. எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி காணாமல் போயிருந்தது, மேல்பக்கம் எலும்பு முகடு போல வளர்ந்திருந்தது.

இனி தகடு. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன்தான், கறுப்பு நிறம், கையால் வளைத்தால் வளையாது. ஷூவின் இன்சோலை எடுத்துவிட்டு அடியில் இதைப் போட்டு, மேலே பழைய இன்சோலை வைக்க வேண்டும். குதிகாலிலிருந்து விரல் நுனி வரை ஒரே பலகையாக இருப்பதால் நடக்கும்போது ஷூ மடங்காது, விரலும் மடங்காது. மடங்காத மூட்டு வலிக்காது. தத்துவம் அவ்வளவுதான். நான் ஆன்லைனில் ஒற்றைக் காலுக்கு வாங்கினேன், விலை ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. ஒரு துண்டு தகடுக்கு இது அநியாயம் என்று என் தம்பி சொன்னான், நானும் மறுக்கவில்லை.

ஷூவோடு நடப்பதில் கிடைத்த வித்தியாசம் நிஜமானது. மார்க்கெட் போய்த் திரும்பினால் முன்பெல்லாம் படியேற முடியாமல் கால் ஓரமாக ஊன்றி ஏறுவேன், இப்போது நேராக ஏறுகிறேன். முன்பாதம் மேல்நோக்கி வளைந்த, அடிப்பகுதி தடித்த ஷூவோடு சேர்த்தால் இன்னும் நல்லது. அந்த வளைவில் கால் உருண்டு போய்விடும். மெல்லிய கான்வாஸ் ஷூவில் போட்டால் குதிகால் கழன்று கழன்று வரும். எனக்கு வந்த தகட்டின் விளிம்பு கூராக இருந்து இன்சோலைக் கிழித்தது, உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்தேன். இந்த விலைக்கு அதை அவர்களே செய்து அனுப்பியிருக்கலாம்.

எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு வாங்கச் சொல்லி பலரும் சொல்வார்கள். சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கு அது நல்ல செருப்பு. இந்த வலிக்கு ஆகாது. அது மெத்தென்று மடங்கிக் கொடுக்கும், நமக்கு வேண்டியது மடங்காதது.

நம்மூரில் இந்தத் தகட்டின் பெரிய குறை, அது ஷூவுக்குள் மட்டும்தான் இருக்கிறது என்பது. வீட்டு வாசலில் கழற்றுகிறோம், கோயிலில் கழற்றுகிறோம், நான் சம்பாதிக்கும் இடமோ வெறுங்காலோடு நிற்கும் இடம். வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்தால் காலை எழுந்ததிலிருந்து படுக்கும் வரை ஷூ போட்டுக்கொண்டே இருப்பவர்கள் போலத் தெரிகிறது. அவர்களுக்கு இதுவே சிகிச்சை. எனக்கு நாளில் பாதி நேரத்துக்கு இது இல்லாத பொருள்.

அப்படியென்றால் ஏன் சிபாரிசு செய்கிறேன்? ஃப்யூஷன் என்றால் மூட்டில் மிச்சமிருக்கும் குருத்தெலும்பைச் சீவி எடுத்துவிட்டு, இரண்டு எலும்பையும் பிளேட், ஸ்க்ரூ வைத்து ஒட்ட வைப்பது. ஒட்டிய பிறகு அந்த மூட்டு எப்போதும் மடங்காது. பயமே அதில்தான். அந்த மடங்காத வாழ்க்கை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே நடந்து பார்க்க இந்தத் தகடு வழி கொடுக்கிறது. இதைச் சொன்னது என் டாக்டர்தான்: "தகடு போட்டு நடந்தால் வலி குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் வலி மூட்டிலிருந்துதான் வருகிறது, ஃப்யூஷன் உதவ வாய்ப்பு அதிகம். நடையே பிடிக்கவில்லை என்றால் அதையும் இப்போதே தெரிந்துகொள்ளலாம்."

வெறுங்காலுக்கு அவர் இன்னொரு உபாயம் சொன்னார். இழுபடாத விளையாட்டு டேப்பை விரலின் அடியிலிருந்து பாதம் வரை ஒட்டி, விரல் மேலே போகாமல் கட்டுவது. அப்படிக் கட்டிக்கொண்டு வகுப்பு எடுத்தேன். முழங்காலை மடக்கிப் பாதி இறங்கி நிற்கும் அரைமண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. தட்டடவு தாராளமாக வந்தது, பாதம் தட்டையாகத்தானே விழுகிறது. நாட்டடவும் அப்படியே, குதிகால் வேலை. குதித்து மெட்டு அடவில் மாட்டிக்கொண்டேன்: விரல் நுனியில் ஏற முடியாமல் எடை பாதத்தின் வெளி ஓரத்துக்குப் போய், முழங்காலில் தெரிந்தது. முழுமண்டியில் ஆடும் மண்டி அடவு பக்கமே போக முடியாது. வகுப்பு முடிவில் தட்டிக் கும்பிடும்போது கீழே உட்கார்ந்து பூமியைத் தொட வேண்டுமே, அதற்கு வலது காலை முன்னால் தட்டையாக வைத்து இடது காலில் இறங்கினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் இவற்றில் எதை நான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன்? முழுமண்டி என்னை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. அறுவை சிகிச்சை எடுத்துக்கொள்ளப்போவது 15 டிகிரியை, அதுவும் வலியோடு இருக்கும் 15 டிகிரியை. இந்தக் கணக்கு டேப் கட்டிய பிறகுதான் மண்டையில் ஏறியது.

மாற்று வழிகளையும் கேட்டேன். மேலே வளர்ந்த எலும்பை மட்டும் சீவும் ஆபரேஷன் இருக்கிறது, அசைவு போகாது. ஆனால் மடக்கும் எல்லையில் மட்டும் வலிப்பவர்களுக்கே அது நன்றாகப் பலிக்கும். எனக்கு நடு அசைவிலேயே வலி. செயற்கைக் குருத்தெலும்பு போல ஒரு ஜெல் உருளையை மூட்டில் பதிக்கும் கார்டிவா என்ற முறைக்கு 2016-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மறு ஆபரேஷன்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமானதால் 2024-இல் தயாரிப்பு நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதைத் தேடி அலைய வேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது கட்டாயம் கேட்க வேண்டியது, விரலை எந்தக் கோணத்தில் ஒட்டுவீர்கள் என்பது. தரையிலிருந்து 10, 15 டிகிரி லேசாக மேல்நோக்கி வைப்பது வழக்கம். அதிகமாகத் தூக்கினால் ஷூவில் நகம் இடிக்கும், தாழ்த்திவிட்டால் நடக்கும்போது விரல் நுனி தரையில் குத்தும். என்னைப் போல வெறுங்கால்காரர் என்றால் அதை முன்பே சொல்லிவிடுங்கள். நுனி மூட்டு தொடர்ந்து மடங்கும், அதனால் விரல் ஒரே கட்டையாகிவிடாது. ஆனால் பின்னாளில் அந்த மூட்டுக்குச் சுமை கூடலாம். பெரும்பாலான ஆய்வுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எலும்பு ஒட்டிவிடுகிறது. ஒட்டாமல் போகிறவர்களும் உண்டு, புகைபிடிப்பவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல்.

எனக்குச் சொல்லியிருப்பது ஏறக்குறைய ஆறு வாரம் குதிகாலில் மட்டும் எடை வைக்கும் தடித்த செருப்பு, வீக்கம் முழுதாக வடிய ஆறு மாதமோ அதற்கு மேலுமோ. என் காப்பீட்டில் மூட்டுத் தேய்மானத்துக்கு இரண்டு வருடக் காத்திருப்பு இருக்கிறது, அது முடியும் தருவாயில்தான். மார்கழி கச்சேரிகளுக்கு நட்டுவாங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். தாளம் தட்டி ஜதி சொல்ல உட்கார்ந்த இடம் போதும் என்றாலும் மேடையேற நடக்க வேண்டுமே. அதனால் தை பிறந்ததும் தேதி வாங்குவதாகச் சொல்லியிருக்கிறேன்.

தகட்டுக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது அந்த விளிம்புக்காக. வாங்குபவர்கள் ஷூ அளவைப் பார்த்து வாங்காமல், இன்சோலை வெளியே எடுத்து அதன் நீளத்தை அளந்து வாங்குங்கள். திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையாகவும் பாருங்கள். நேரடியாக அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டவர்கள் என்றால், அந்தப் பணத்தை ஆபரேஷனுக்குப் பிறகு போட வேண்டிய நல்ல அகலமான ஷூவில் போடலாம்.