மகுடத்துக்குப் பக்கத்தில் வரும் விளையாட்டு எது?

பாட்டின் தாளத்துக்கு ஏற்பத் தட்டும் வீடியோ விளையாட்டு எதுவானாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கண்ணை மூடிக்கொண்டு இதை விளையாட முடியுமா? இந்தக் கேள்வி எனக்குக் கோயில் கொடை விழாக்களில் மகுடம் என்ற தோல்வாத்தியத்தோடு நடக்கும் கணியான் கூத்திலிருந்து வந்தது. திருநெல்வேலிச் சுற்றுவட்டாரத்தில் சுடலைமாடன் கோயில் கொடை பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். நள்ளிரவில் ஒருவர் உச்ச மகுடமும் ஒருவர் மந்த மகுடமும் வாசிப்பார்கள். இருவரின் பார்வையும் சாமியாடியின் மேல் இருக்கும், காது முதன்மைப் பாடகரான அண்ணாவியின் பாட்டில் இருக்கும். கை தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும்.

கிட்டார் ஹீரோ, தைக்கோ நோ தத்சுஜின், ரிதம் ஹெவன், கைபேசியில் எல்லோரும் தட்டும் பியானோ டைல்ஸ் ஆகிய நான்கையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்.

பியானோ டைல்ஸை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். 2014இல் வந்த அதன் அடிப்படை ஆட்டத்தில் 50 கறுப்புக் கட்டங்களை எவ்வளவு சீக்கிரம் தட்டி முடிக்கிறோம் என்பதுதான் போட்டி. ஒவ்வொரு தட்டுக்கும் மெட்டின் அடுத்த சுரம் ஒலிக்கும். விரைந்து தட்டினால் மெட்டும் விரைந்து ஓடும், தயங்கினால் அதுவும் நிற்கும். காலப்பிரமாணம், அதாவது சீராக ஓடும் வேகம், என்ற ஒன்றே அங்கு இல்லை. பாபநாசம் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பையன் அதை விளையாடும்போது, நல்ல மெட்டு ஒன்று மூச்சிரைக்க ஓடுவதைக் கேட்டு எனக்கு மனம் வலித்தது. விரலுக்கு அது நல்ல பயிற்சியாக இருக்கலாம். தாளத்துக்கு அது எதையும் தருவதில்லை.

கிட்டார் ஹீரோ அப்படிப்பட்டதல்ல. 2005இல் ஹார்மோனிக்ஸ் உருவாக்கிய இந்த விளையாட்டில், கழுத்தில் ஐந்து வண்ணப் பொத்தான்கள் உள்ள பிளாஸ்டிக் கிட்டாரை மாட்டிக்கொள்ள வேண்டும். திரையில் ஒரு சாலை நம்மை நோக்கி வரும். அதில் உருண்டு வரும் வண்ணங்களுக்கு ஏற்ற பொத்தானை ஒரு கையால் அழுத்தி, மறு கையால் மீட்டும் பட்டையைத் தட்ட வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, தவறும்போது நடப்பது. ஓர் இடத்தைத் தவறவிட்டால் பாட்டின் கிட்டார் ஒலி மட்டும் அடங்கிவிடும். டிரம்ஸும் குரலும் தொடரும், நடுவில் ஒரு குழி விழும். ஒரு பாட்டுக்குள் கிட்டார் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் குழிதான். பத்து வருடமாகக் கேட்ட பாட்டில்கூட, நான் அறியாத ஓர் இழை அறுந்தபோதுதான் அது அங்கே இருந்தது தெரிந்தது.

ஆனாலும் கண்ணை மூடினால் கிட்டார் ஹீரோ கைவிட்டுவிடும். எந்த இடத்தில் பச்சை, எந்த இடத்தில் ஆரஞ்சு என்பதைச் சுரம் மட்டும் சொல்லிவிடாது. மனப்பாடம் செய்யாதவரைக்கும் திரைதான் எஜமான்.

தைக்கோவுக்கு வருகிறேன். 2001இல் நாம்கோ நிறுவனம் ஜப்பானின் விளையாட்டுக் கூடங்களுக்கு இதைக் கொண்டுவந்தது. பெரிய முரசு ஒன்று, இரண்டு குச்சிகள். சிவப்பு வந்தால் தோலின் நடுவில் அடிக்க வேண்டும், அதற்குப் பெயர் டொன். நீலம் வந்தால் விளிம்பில் அடிக்க வேண்டும், அதற்குப் பெயர் கா. இவ்வளவுதான் சொற்கட்டு. பெரிய வட்டம் வந்தால் இரு கையாலும் சேர்த்து அடிக்கலாம். ஐந்து வண்ணங்களை நினைவில் சுமந்த பிறகு இந்த இரண்டு சொற்களுக்கு வரும்போது எவ்வளவு ஆறுதல்! டொன்னும் காவும் மந்த மகுடமும் உச்ச மகுடமும்போல ஒன்றையொன்று கேட்டுப் பதில் சொல்கின்றன. சில தடவை விளையாடியதும் பாட்டு எனக்குச் சொல்லாகவே கேட்கத் தொடங்கியது: டொன் டொன் கா, டொன் கா கா.

இதில் இன்னொரு நேர்த்தி உண்டு. வட்டம் எதுவும் வராத வெற்றிடத்தில் அடித்தால் தண்டனை கிடையாது. கிட்டார் ஹீரோவில் தேவையில்லாமல் மீட்டினால், தவறாமல் அடித்துவந்த தொடர் அறுந்துவிடும். தைக்கோவில் இரண்டு வரிகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் நானாக ஒரு சின்ன உருட்டு வைக்கலாம். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கும் நேரத்தில் தவில்காரர் நிரப்புவாரே, அந்தச் சுதந்திரம் கொஞ்சமாவது இங்கே இருக்கிறது. தாள ரசிகனாக நான் இதற்கு அதிக மதிப்பெண் போடுவேன்.

கண்ணை மூடிப் பார்த்தால்? எளிய நிலைகளில் பாதிதூரம் போகலாம். அடுத்து டொன்னா காவா என்பதைப் பாட்டே பல இடங்களில் சொல்லிவிடும். கடின நிலைகளில் முடியாது.

முழுதாகத் தேறுவது ரிதம் ஹெவன் மட்டும்தான். இசைத் தயாரிப்பாளர் சுங்குவும் நிண்டெண்டோவும் சேர்ந்து செய்தது. முதல் பகுதி 2006இல் ஜப்பானில் மட்டும் வந்தது. சின்னச் சின்ன ஆட்டங்கள், ஓரிரு அசைவுகள், அவ்வளவே. சாலையோ வண்ண வட்டங்களோ வருவதில்லை. ஒலிக்குறிப்பு ஒன்று கேட்கும், பதிலை நாம் சரியான இடத்தில் போட வேண்டும். 2008இல் வந்த இரண்டாம் பகுதியில் ஒரே மாதிரி உருவங்கள் வரிசையாக நின்று நடைபோடும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. முதலில் தாளத்தின் தட்டு விழும் இடத்திலேயே நடை. திடீரென்று ஒரு சைகை, உடனே எல்லோரும் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே மாறிவிடுவார்கள். நம் வழக்கில் சொன்னால் சமத்திலிருந்து அரை இடத்துக்குப் போவது. போகப்போகக் காட்சி பின்வாங்கி, நம் உருவம் கூட்டத்தில் ஒரு புள்ளியாகிவிடும். பார்த்துத் தட்ட எதுவும் மிஞ்சாது. அரை இடத்தில் எடுக்கும் பாட்டுக்குத் தாளம் போட வராமல் தவித்தவன் நான். அந்தத் தவிப்பைத் தீர்த்தது இந்த ஆட்டம்தான்.

அப்படியானால் ரிதம் ஹெவனுக்கே முதலிடமா? காதுக்கு அதுதான். உடம்புக்குத் தைக்கோ. எனக்கு இரண்டில் ஒன்றுதான் என்றால் தைக்கோவை எடுப்பேன், தோள் வலிக்க வாசித்த நிறைவு அதில்தான் வருகிறது. இதற்கு ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை. 2007இல் டீன் ஹெர்பர்ட் வெளியிட்ட ஓசு என்ற இலவச மென்பொருளில் தைக்கோ முறையும் உண்டு. கணினி விசைப்பலகையில் நான்கு விசைகள் போதும்: உள்ளே இரண்டு டொன், வெளியே இரண்டு கா. ஒன்றை மட்டும் கவனியுங்கள். ப்ளூடூத் இயர்போன் வேண்டாம், கம்பியுள்ளதே மேல். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டுக்கு அரை நொடி, அதில் கால் பங்கு 125 மில்லிநொடி. ப்ளூடூத் ஒலி அந்த அளவுக்குப் பிந்துவது சாதாரணம். என்னுடையதை மாற்றும்வரை என் கைதான் மோசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓசுவில் நாமே பாட்டுக்கு அடிகளை அமைக்கலாம் என்பதால், கொடையில் கைபேசியில் பதிந்த மகுடத்தை அதில் ஏற்ற முயன்றேன். அங்கேதான் இடித்தது. மென்பொருளுக்கு நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று சொல்ல வேண்டும், வேகம் மாறும் இடத்திலெல்லாம் புதிய குறி வைக்க வேண்டும். சாமி வர வர மகுடம் ஏறிக்கொண்டே போகிறது. எந்த இரண்டு சுற்றும் ஒரே வேகத்தில் இல்லை. குறி வைத்துக்கொண்டே போனேன். முதல் நிமிடம் முடிந்திருக்கிறது.