வாரம் ஒரு அத்தியாயமா, ஒரே மூச்சா: சில நாவல்களைத் திரும்பப் படித்தபோது

வாரப் பத்திரிகைக்கு எழுதிய நாவலை ஒரே மூச்சில் படித்தால் திகட்டும். நூலாகவே வந்த நாவலைத் தினம் பத்துப் பக்கம் என்று நறுக்கினால் பிடி நழுவும். சரித்திரமோ துப்பறிதலோ, வகையைப் பார்க்கும் முன் முதலில் எங்கே வெளிவந்தது என்று பார்ப்பது நல்லது.

கல்கியின் சோழர் காலச் சரித்திர நாவலான ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்தது. ஐந்து பாகங்கள், முதல் நான்கில் 46 முதல் 57 அத்தியாயங்கள், ஐந்தாவதில் மட்டும் 91. பல அத்தியாயங்கள் இருட்டில் ஒரு உருவம், பின்னாலிருந்து ஒரு குரல் என்று முடியும். ஒரு வாரம் காத்திருந்தவருக்கு அது தூண்டில். அடுத்த பக்கத்தை உடனே புரட்டுகிறவருக்கு நாலாவது தடவையிலேயே உத்தி தெரிந்துவிடும். முன்கதையை நினைவூட்டும் பத்திகளும் அப்படித்தான்: அன்றைக்குத் தேவை, இன்றைக்குச் சுமை. நாளுக்கு மூன்று நான்கு அத்தியாயம் போதும்.

பலர் நான்காம் பாகத்தில் நிறுத்திவிடுவார்கள். கடம்பூர் மாளிகைக்குள்ளேயே பேச்சு சுற்றிச் சுற்றி வருவதுதான் காரணம். அங்கே வேகத்தைக் கூட்டலாம், பாதகமில்லை. பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர் இருவரையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, முதல் பாகம் முடியும்போதே ஒரு தாளில் உறவுமுறையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உள்ள முடிவுரையைத் தாண்டிவிடக் கூடாது. பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று கேட்ட வாசகர்களுக்குக் கல்கி அதில்தான் பதில் சொல்கிறார். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிய ஆவல் அப்போதும் தீராதவர்கள் உடையார்குடிக் கல்வெட்டைத் தேடிப் படிக்கலாம். நாவலில் சதிகாரனாக வரும் ரவிதாசனின் பெயர் அதிலேயே இருக்கிறது.

கல்கியின் எழுத்து நாட்டுடைமை என்பதால் பதிப்புகள் ஏராளம். ஐந்து பாகத்தையும் ஒரே தொகுதியாகக் கட்டிய மலிவுப் பதிப்பில் எழுத்து பொடி. நடுவில் விரித்து வைத்தால் முதுகு பிளக்கும். தனித்தனிப் பாகங்களாக, மணியம் ஓவியங்களோடு கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம்.

சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ குமுதத்தில் தொடராக வந்தது. ஆனாலும் நம் விதிக்கு அடங்காது. வசனம் சின்னது, விவரணை அதைவிடச் சின்னது. ஒரு மழை நாளில் முடிந்துவிடும். பேயா விஞ்ஞானமா என்ற இழுபறியை அவர் கடைசிவரை தளர்த்தவில்லை என்பதே அதன் பலம். பெண்களைப் பற்றி, துப்பறியும் வக்கீல் கணேஷின் உதவியாளன் வசந்த் அடிக்கும் கமெண்டுகள் இன்று நெருடுகின்றன. ‘என் இனிய இயந்திரா’ வேறு ரகம். எண்பதுகளில் எழுதி 2021-22இல் நடப்பதாக வைத்த கதை. அந்த ஆண்டுகளைக் கடந்துவிட்ட பிறகு படிப்பதே தனி ருசி. பிள்ளை பெறவும் அரசு அனுமதி, குடிமகனுக்கு எண், சுருங்கிய பெயர்கள் என்று அமைத்த உலகத்தைவிட, புத்தகம் படித்துப் படித்து மெல்லச் சிந்திக்கத் தொடங்கும் ஜீனோ என்ற இயந்திர நாய்தான் நிற்கிறது. இதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

பூமணியின் ‘வெக்கை’ (1982) சிறிய நூல். எடுத்த எடுப்பிலேயே வெட்டு விழுந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் பதினைந்து வயதுச் சிதம்பரமும் அவன் அய்யாவும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரியும் சில நாட்கள். இடையில் இரண்டு நாள் கீழே வைத்தால் அந்தப் பதற்றம் ஆறிப்போகும். இதை வைத்து எடுத்த ‘அசுரன்’ (2019) படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் சண்டையை எதிர்பார்க்க வேண்டாம். படம் அப்பாவைச் சுற்றி, நாவல் பையனைச் சுற்றி. கரிசல் பேச்சு புரியாமல் தடுக்கினால் வாய்விட்டுப் படியுங்கள், பாதி தானாகத் திறக்கும்.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யில் பலர் முதல் ஐம்பது பக்கத்திலேயே திரும்பிவிடுகிறார்கள். ஜப்பானியப் படை நுழையும் சுமத்ரா நகரம் மெடான், மலாய்ச் சொற்கள், வட்டிக்கடைப் பேச்சு எல்லாம் விளக்கமின்றி வந்து விழும். மெடான், பினாங்கு, சிங்கப்பூர் மூன்றும் தெரியும் ஒரு வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெரியாத சொல்லை அகராதியில் தேடாமல் நகர்ந்தால், நாயகன் பாண்டியன் தொங்கானில் (பாய்மரச் சரக்குக் கப்பலில்) ஏறும் இடத்துக்குள் பழகிவிடும். குடித்துவிட்டுப் பழந்தமிழ்ப் பெருமையைக் கிழிக்கும் பேச்சுகளை மட்டும் நிதானமாகப் படிக்க வேண்டும். சங்கப் பாடலும் காப்பியமும் ஓரளவு தெரிந்தவருக்கே அந்தக் கிண்டல் முழுசாகச் சிக்கும்.

அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’ தீபம் இதழில் தொடராக வந்தது, ஆனால் தூண்டில் ஒன்றுகூட இல்லை. சினிமாக் கம்பெனியின் புரொடக்‌ஷன் மேனேஜர் நடராஜனைக் கதாநாயகன் என்று நம்பிப் பின்தொடர்ந்தால் ஏமாறுவீர்கள். கதை அவரை விட்டுவிட்டு வேறு ஆட்களிடம் போய்விடும். அவர் என்ன ஆனார் என்பது பின்னால் வேறொருவர் போகிற போக்கில் சொல்லும் இடத்தில் இருக்கிறது. வேகமாகப் புரட்டுகிறவர் கண்ணில் அது படாது.